பார்த்ததைத்தான் சொன்னேன்

அந்த நாற்காலி வேண்டாம் மேடம், கால் ஆடும். இதில் உட்காருங்கள், ஃபேனுக்கு நேராக இருக்கும். அப்பா பட்டறையில் இருக்கிறார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை, சங்ககிரி ரோட்டில் வரும்போது பார்த்திருப்பீர்கள். கூப்பிட்டால் வந்துவிடுவார். ஆனால் அவர் எதற்கு, விசாரணை என் மேல்தானே. அம்மா மலைக்கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். நான் இருக்கிறேன், தங்கை உள்ளே இருக்கிறாள். போதும்.

கல்லூரிக் கமிட்டியில் அத்தனை பேர் இருக்க உங்களை அனுப்பியிருக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெண் சம்பந்தப்பட்ட புகார், அதனால் ஒரு பெண்ணே விசாரிக்கட்டும் என்று நினைத்துவிட்டார்கள். புகாரே தப்பு என்று சொல்கிறவன் நான். விசாரிக்க யார் வந்தால் எனக்கென்ன?

நீங்கள் போய் என்ன சொல்கிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் நான் அக்டோபரில் மறுபடி ஜெர்மனி போவதும் போகாததும். அது எனக்குத் தெரியும். கோடை விடுமுறையில் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் பழக வேண்டும், பிறகு ஒரு வருஷம் அங்கேயே படிப்பு. மெக்கானிக்கலில் எனக்கு மட்டும்தான் கிடைத்தது. ஊரில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள் மேடம். 'ஜெர்மனி செல்லும் எங்கள் நவநீதனே' என்று போட்டு, மாமா பையன்கள் எல்லாருடைய படமும் கீழே. ஓரம் கிழிந்து இன்னும் தொங்குகிறது. இந்த வருஷம் நான் போகவில்லை என்றால் அந்தத் தெரு வழியாக நான் எப்படி நடப்பது? யோசித்துப் பாருங்கள்.

அதனால் எதையும் மறைக்காமல் சொல்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

நான் தங்கிய ஊர் பிரேமன் நகரத்திலிருந்து ஒரு மணி நேரம் ரயிலில். ஊர் என்று பேர், தெருவில் ஒரு ஆள் இருக்காது. காற்று, மாடு, சைக்கிள், அவ்வளவுதான். வீட்டுக்காரர் பேர் உவே. தண்ணீர் வாரியத்தில் எஞ்சினியர். அவர் மனைவி பிர்கிட், பள்ளிக்கூட டீச்சர். ஒரே பெண், மாரைக்கெ. அவளுக்குப் பத்தொன்பது வயசு, மருத்துவம் படிக்க இடம் கிடைத்து வீட்டில் இருந்தாள். ஸ்டேஷனுக்கு என்னைக் கூப்பிட வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவள். தனியாக, கார் ஓட்டிக்கொண்டு. முன்பின் தெரியாத ஒரு பையனை ஏற்றி வர வயசுப்பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். நான் நல்லவனாக இருந்தேன், சரி. வேறு எவனாவது வந்திருந்தால்?

போன அன்றைக்கே அந்த அம்மாள் வாசல் சாவியைக் கையில் கொடுத்தார். 'எப்ப வேணும்னாலும் வா, எப்ப வேணும்னாலும் போ.' பெண் தூங்குகிற அதே மாடியில் எனக்கு ஒரு அறை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இந்த வீட்டில் பொறுப்பானவர்கள் யாரும் இல்லை என்று.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாயங்காலம் அடுப்பே பற்ற வைக்க மாட்டார்கள். ஆறின ரொட்டி, நறுக்கின வெள்ளரிக்காய், பாலாடைக்கட்டி. விருந்தாளிக்கு மேடம், விருந்தாளிக்கு. தின்று முடித்ததும் தட்டை எடுத்துப் போய் மெஷினில் அடுக்கு என்று அந்த மனுஷர் கை காட்டினார். அவரும் அடுக்கினார், அது வேறு விஷயம். நம் வீட்டில் நான் எழுந்து கை கழுவுவதற்குள் தட்டு போயிருக்கும். தங்கையோ அம்மாவோ எடுத்துவிடுவார்கள். நான் ஒரு நாளும் எடு என்று சொன்னதில்லை. அதுவாக நடக்கும்.

காபி வந்துவிட்டது, குடியுங்கள். இவள்தான் என் தங்கை, சுபிக்ஷா. மேடத்துக்கு வணக்கம் சொல்லு. சொல்லிவிட்டாள், மெதுவாகத்தான் பேசுவாள். போ, உள்ளே போ. கூப்பிடும்போது வா.

மாரைக்கெ விஷயத்துக்கு வருகிறேன். அவளைப் பார்த்த முதல் நாளே நான் மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன், தங்கை என்று. சும்மா இல்லை, அவளிடமே சொன்னேன். "நீ எனக்குத் தங்கச்சி மாதிரி."

அவள் காரை ஓட்டிக்கொண்டே, "உன் தங்கச்சி எப்படி இருப்பா?" என்றாள்.

"அமைதியா இருப்பா. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டா."

"அப்ப நான் அவ மாதிரி இல்ல" என்று சிரித்தாள்.

விளையாட்டுப் பெண். குளிக்கிற ஏரி ஒன்று இருக்கிறது அங்கே, ஊருக்கு வெளியே. முதல் இரண்டு வாரம் என்னையும் கூட்டிப் போனாள். எதிர்க்காற்றில் சைக்கிள் எப்படி மிதிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். ஏரிக்கு வந்தால் அவர்கள் உடுத்துவது என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பச்சை நிறம், தோளில் இரண்டு மெல்லிய பட்டை, இடது தோளில் வெயில் பட்டுச் சிவந்த புள்ளிகள். கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். அவள் அப்பா அம்மாவும் அங்கேதான் இருந்தார்கள், அவர்களும் அதே கோலத்தில். யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை. அந்தக் கரையில் ஒரு துண்டை எடுத்துப் போர்த்திக்கொள் என்று அவளிடம் சொன்னது நான் ஒருவன்தான். "குளிரலையே" என்றாள்.

அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடுவது நின்றுவிட்டது. சாயங்காலம் ஆனால் தனியாகக் கிளம்பிவிடுவாள். எங்கே என்று கேட்டால், ஏரிக்கு. யாரோடு என்று கேட்டால் சிரிப்பாள். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேரும் புத்தகம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள் மேடம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யக் கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கண்ணுக்கு முன்னால் ஒரு பெண் கெட்டுப்போகும்போது, நமக்கென்ன என்று ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தால் அது இரண்டகமா இல்லையா?

அவள் பின்னால் போனேன் என்று புகாரில் எழுதியிருக்கிறார்களாம். பின்னால் போகவில்லை. அந்தப் பக்கம் எனக்கும் சைக்கிளில் போகும் பழக்கம் வந்துவிட்டது. அவள்தானே பழக்கிவிட்டாள்? அவள் கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான் கிளம்புவேன். ஏரிக்கரையில் நாணல் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். அங்கிருந்து பார்த்தால் படித்துறை நேராகத் தெரியும். இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது. ஒருவன் வந்தான். கறுப்புக் கால்சட்டை, கையெல்லாம் தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது எனக்கு. யானிக். கூரைக்கு ஓடு மாற்றுகிற பையன்.

இவனை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வீட்டுக்கே வந்திருக்கிறான். சனிக்கிழமைகளில் வருவான், தோட்டத்துக் கொட்டகையில் ஏறி உவேயும் அவனும் ஓடு மாற்றுவார்கள். மத்தியானம் அவனையும் மேஜையில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். மாரைக்கெ பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். அப்போது நான் பெருமையாகத்தான் நினைத்தேன், கூலிக்கு வந்தவனைச் சமமாக உட்கார வைக்கிறார்களே என்று. நானே அவனுக்கு ரொட்டிக் கூடையை நீட்டினேன். நம் பட்டறையில் ஆட்களுக்குக் கொல்லைப்பக்கத் தகரக் கொட்டகையில்தான் சாப்பாடு. அவர்களுக்கும் அதுதான் வசதி. இப்படி இடம் கொடுத்தால் என்ன ஆகும்? படித்துறையில் போய் உட்காரும். டாக்டருக்குப் படிக்கப் போகிற பெண், கூரைமேல் ஏறுகிற பையன். எந்த ஊர் என்றால் என்ன, ஒரு பொருத்தம் வேண்டாமா?

நான் அவசரப்படவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. இவள் இருக்கிறாளே, சுபிக்ஷா, இவள் ஈரோட்டில் பி.எஸ்சி. கணக்கு படித்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருந்த ஒருவனோடு பேச்சு. பையன் நல்லவன், குடிக்க மாட்டான் என்று யாரோ சொன்னார்கள். யார் கேட்டது அதை? யார் வீட்டுப் பையன், எந்தப் பக்கத்து ஆள், அதுதானே கேள்வி. நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில் என்னைத்தான் திட்டினார். 'கண்ணுல பாத்தியாடா? பாக்காம பொம்பளப் புள்ளயப் பேசாத' என்றார். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன், வாயால் சொன்னால் நிற்காது, படம் வேண்டும். மறுநாள் படத்தோடு போனேன். ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. அப்பா பெல்ட்டை உருவியபோது நான்தான் நடுவில் போய்ப் பிடித்தேன் மேடம், அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். படிப்பை நிறுத்தினோம். வருகிற தையில் கல்யாணம். பரமத்திப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார் மாப்பிள்ளை, தங்கமான மனுஷன், வயசு கொஞ்சம் கூட. இப்போது பாருங்கள், எவ்வளவு அடக்கமாக இருக்கிறாள். போன்கூட வேண்டாம் என்று என்னிடமே கொடுத்துவிட்டாள். நான் கேட்டேன், கொடுத்துவிட்டாள்.

அதனால்தான் சொல்கிறேன், எனக்கு அனுபவம் உண்டு என்று. நாலைந்து சாயங்காலம் போய்ப் பொறுமையாகப் படம் எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், உவே தோட்டத்தில் வேலி வெட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. தகப்பனிடம்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. உங்கள் உப்பைத் தின்றவன் நான், உங்கள் பெண்ணை என் தங்கையாக நினைக்கிறேன், மனசைத் திடப்படுத்திக்கொண்டு இதைப் பாருங்கள் என்று போனைக் கொடுத்தேன்.

அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றினார். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பா அன்றைக்கு முதல் படத்திலேயே பெல்ட்டை உருவிவிட்டார். இவர் கடைசிப் படம் வரைக்கும் பார்த்தார்.

"எங்க உக்காந்து எடுத்த?" என்றார்.

நாணலுக்குள் என்றேன்.

"எத்தனை நாளா?"

சொன்னேன். கொசு பிடுங்கித் தின்றுவிட்டது என்பதையும் சொன்னேன், பட்ட கஷ்டம் தெரியட்டும் என்று. பையன் யார் என்று ஒரு கேள்வி கேட்க வேண்டுமே மேடம். ஒரு தகப்பன். கேட்கவில்லை. போனைத் திருப்பியும் கொடுக்கவில்லை. வீட்டுக்குள் நடந்தார். பெண்டாட்டியைக் கூப்பிட்டார், பெண்ணைக் கூப்பிட்டார், சாப்பாட்டு மேஜையில் போனை அவள் முன்னாலேயே வைத்துவிட்டார். சம்பந்தப்பட்டவளிடமே கொடுக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. அவளைக் கண்டிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று நாகரிகமாக வாசல் பக்கம் ஒதுங்கினேன். பிர்கிட் என்னைப் பார்த்து, "உக்காரு" என்றார். எனக்குத்தான் சொல்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

மாரைக்கெ அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு மனசு இளகியிருக்கும். சுபிக்ஷாவுக்கு அன்றைக்கு இளகினேன் இல்லையா. மாரைக்கெ படங்களைச் சாவகாசமாகப் பார்த்தாள்.

"யானிக் என்னோட ரெண்டு வருஷமா இருக்கான். அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். உன் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கான். அவனை யாருன்னு நெனச்ச?"

கூரை வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்தேன் என்றேன். உள்ளதைச் சொன்னேன். உவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் போனை என் பக்கம் திருப்பினாள். "இதுல யானிக் எங்க?" என்றாள். தள்ளினாள். "இதுல எங்க?" மறுபடி தள்ளினாள். "இதுல நான் தலை துவட்டறேன். இதுல செருப்பு போடறேன். இதுல சும்மா உக்காந்திருக்கேன். யானிக் எங்க?"

அவன் வேலை முடிந்து தாமதமாகத்தானே வருவான் மேடம்? அதுவரைக்கும் நான் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடுத்தவை அவை. இதைத்தான் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னதால் சரியாக வரவில்லையோ என்னவோ. மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய அவமானம் தெரியுமா? திட்டியிருக்கலாம். எங்கள் வீட்டில் என்றால் திட்டியிருப்பார்கள், சாயங்காலம் சோறு போட்டிருப்பார்கள், முடிந்திருக்கும்.

பிர்கிட் என் கையில் போனைக் கொடுத்து, பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னார். நாங்கள் போலீசுக்குப் போகலாம், உன் வயசைப் பார்த்துப் போகவில்லை, ஆனால் உன் கல்லூரிக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார். சாவியைக் கேட்டார். கொடுத்த சாவியைத் திருப்பிக் கேட்கிறார்கள் மேடம், திருட வந்தவனிடம் கேட்பதுபோல. மறுநாள் வேறு இடம், நாயோடு இருக்கும் ஒரு கிழவர் வீடு. மிச்சக் கோடை முழுக்க அந்த நாயோடுதான். போகட்டும். என்னை எது சுட்டது தெரியுமா? நான் பெட்டி கட்ட மேலே போனேன். எதிர் அறையில் அவள் இருந்தாள். நான் படியேறும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து கதவைப் பூட்டினாள். அத்தனை வாரத்தில் அந்தக் கதவு ஒரு நாள்கூடப் பூட்டியதில்லை. அண்ணன் மாதிரி இருந்தவன் மேடம். என்னைப் பார்த்தா பூட்ட வேண்டும்?

என்ன சுபிக்ஷா? உன்னை இன்னும் கூப்பிடவில்லையே. என்ன கேட்கிறாள் பாருங்கள். சத்தமாகச் சொல்லு, மேடத்துக்குக் கேட்கட்டும்.

"அந்தப் பொண்ணு ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்குதுங்களா அண்ணா?"

இருந்தது, சாவி போட்டுப் பூட்டுகிற மாதிரி. எதற்குக் கேட்கிறாள் என்றால் மேடம், இவள் அறைத் தாழ்ப்பாளை நான்தான் கழற்றினேன், அந்தச் சமயத்தில். ஏதாவது செய்துகொண்டுவிட்டால் என்று பயம் எங்களுக்கு. அம்மாதான் கழற்றச் சொன்னார்கள். திரும்ப மாட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறாளா என்ன? இல்லை, சும்மா கேட்கிறாள். விடுங்கள்.

படங்களை எல்லாம் அழித்துவிட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் இருக்கிறது. எடுத்த முதல் நாளே, அந்த வீட்டு லட்சணம் தெரியட்டும் என்று இங்கே எங்கள் அப்பாவுக்கு அனுப்பியது, அவர் போனிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். நாளைக்கு நீங்கள் ஆதாரம் கேட்டால் நான் எங்கே போவது? இதோ. வேண்டாம் என்கிறீர்கள், பாருங்கள், தப்பாக எதுவும் இல்லை. யானிக் இதில் இல்லைதான். ஆனால் ஏரி தெளிவாக இருக்கிறது, நாணல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று நீங்களே அளந்துகொள்ளலாம். நான் கிட்டே போகவே இல்லை.

சரி, வைத்துவிடுகிறேன்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிகிறது. வெள்ளைக்காரர்கள் சொன்னால் அதுதான் வேதம். அவர்கள் ஊர்ப் பழக்கம் அவர்களுக்கு, நம் ஊர்ப் பழக்கம் நமக்கு, நடுவில் ஒரு புரியாமை, அவ்வளவுதான் நடந்தது என்று நீங்கள் கமிட்டியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் பொய் ஏதாவது சொன்னேனா? பார்த்ததைத்தான் சொன்னேன். அங்கேயும் அதைத்தான் செய்தேன்.

தங்கையோடு தனியாகப் பேச வேண்டுமா? தனியாக எதற்கு மேடம், எங்கள் வீட்டில் ஒளிவு மறைவு கிடையாது. என் குணம் எப்படி என்று இவளைவிட யாருக்குத் தெரியும்? என் முன்னாலேயே கேளுங்கள். வா சுபிக்ஷா. அண்ணனைப் பற்றிக் கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்லு, பயப்படாதே. என்னைப் பார்க்காதே, மேடத்தைப் பார்த்துச் சொல்லு.

"அண்ணன் சொன்னது அத்தனையும் நெசந்தானுங்க மேடம். அந்தப் பொண்ணப் பத்திச் சொன்னதும் நெசம், என்னைப் பத்திச் சொன்னதும் நெசம். ஒரு வார்த்தை விடாம எழுதிக்குங்க."

கேட்டீர்களா? நான் சொல்லிக்கொடுத்து வரவில்லை இது. கூடப் பிறந்தவள், அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் மேடம்? எழுதுங்கள். எங்கே ஆரம்பிக்க வேண்டுமோ சொல்லுங்கள், நான் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.